எதிர்க்கடைச் சாறு

எங்கள் ஊரில் கினுயேவைப் பொறாமைக்காரி என்று யாரும் முதுகுக்குப் பின்னால் சொல்ல வேண்டியதில்லை. அவளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். "ஆமா, எனக்குப் பொறாமைதான். அதுக்கென்ன இப்போ?" என்று கேட்டுவிட்டு மாவு பிசையப் போய்விடுவாள். சின்ன வயதில் அக்காவுக்கு மட்டும் சிவப்பு வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தார்கள் என்று, அதில் ஒற்றைச் செருப்பைக் கிசோ ஆற்றில் விட்டவள் அவள். ஜோடியாக விட்டிருந்தால் திருடன் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஒன்றை மட்டும் விட்டு வசமாக மாட்டிக்கொண்டாள்.

பிறந்தது பள்ளத்தாக்கின் மேலே, மரம் வெட்டுகிறவர்களின் சிற்றூரில். அங்கே நெல்லுக்கு வெயில் போதாது. சரிவில் சொபா என்கிற தானியத்தைத்தான் விதைப்பார்கள். வெள்ளையாகப் பூத்து, கறுப்பாக முற்றி, முதல் உறைபனிக்கு முன்னால் அறுவடையாகிவிடும். அந்த மாவைச் சுடுதண்ணீரில் கிளறிக் களியாகத் தின்றுதான் கினுயே வளர்ந்தாள். அதையே மெல்லிசாகத் தேய்த்து, நூல் நூலாக வெட்டிச் சாப்பிடுவதெல்லாம் கல்யாணத்துக்கும் வருஷக் கடைசி நாளுக்கும்தான். அப்படிப்பட்டவளை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சொபா நூடுல்ஸ் கடை வைத்திருந்த அகாஹானே வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள்.

வந்த புதிதில் அவள் வெட்டியதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த மாமனார் கென்சாகு, "இது சாப்பிடறதுக்கா, மரக்கட்டை கட்டி இழுக்கறதுக்கா?" என்று கேட்டார். கடை முழுக்கச் சிரித்தது. அவள் மூஞ்சி சிவந்துபோனது. அடுத்த குளிர்காலத்துக்குள் மாமனாரைவிட மெல்லிசாக வெட்டினாள். அவருக்கே கொஞ்சம் பொறாமை வந்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வாள். புருஷன் தோகுஜிக்குக் கை மந்தம், வாய் வேகம். சொபா வேகவைக்கிற அண்டாவிடமும் வாடிக்கைக்காரர்களிடமும் அவனை விட்டுவிட்டு, பிசைகிற பலகையையும் சாறு வைக்கிற ஜாடியையும் மாமனார் மருமகள் கையில் ஒப்படைத்தார்.

அந்தச் சாறுதான் கினுயேவின் கர்வம். சோயா சாஸும் சர்க்கரையும் அரிசி ஒயினும் காய்ச்சி ஜாடியில் ஊறவைத்து, மாசிக் கருவாட்டைச் சீவிக் கொதிக்கவிட்ட தண்ணீரோடு கலப்பாள். கறுகறுவென்று இருக்கும். நாக்கில் வைத்தால் சுள்ளென்று ஏறும். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குளிரில் அப்படித்தான் வேண்டும். சொபாவை அதில் முக்கி எடுத்து உறிஞ்சிவிட்டு, கிண்ணத்தில் மிச்சமிருக்கிற சாற்றில் சொபா வெந்த தண்ணீரை ஊற்றிக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார்கள். சத்தெல்லாம் அந்த வடிதண்ணீரில்தான் இறங்கியிருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். ரத்தக்குழாய்க்கு நல்லது, இளகிக்கொடுக்கும் என்று டெலிவிஷனில்கூடச் சொன்னார்கள்.

மாமனார் தினமும் இரண்டு கிண்ணம் குடிப்பார். ஒருநாள் சாயங்காலம் குடித்துவிட்டு, "கினுயேம்மா, இன்னிக்குச் சாறு அமிர்தம்" என்றார். மறுநாள் காலையில் முகம் கழுவப் போனவர் தலையில் ரத்தக்குழாய் வெடித்து அப்படியே சாய்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள், யாரும் எதையும் யோசிக்கவில்லை. "எங்க மாமனார் வாயில கடைசியா எறங்குனது என் சாறுதான்" என்று கினுயே கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். பன்னிரண்டு வருஷமாகியும் அந்தப் பெருமை அவளுக்குக் குறையவில்லை.

இப்படி இருந்தவளின் எதிரில்தான் யாச்சியோ வந்து சேர்ந்தாள்.

யாச்சியோ தோக்கியோக்காரி. அவள் புருஷன் எங்கள் ஊர் மிசாவா வீட்டுப் பிள்ளை. அவன் இறந்த பிறகு, பூட்டிக் கிடந்த அவர்கள் வீட்டுக்குத் தனியாக வந்து குடியேறினாள். புது வீட்டுக்கு வருகிறவர்கள் அக்கம்பக்கத்துக்குச் சொபா கொடுப்பது வழக்கமில்லையா? அவளும் கொடுத்தாள். சொபாக் கடைக்காரி வீட்டுக்கு, தன் கையால் பிசைந்து வெட்டிய சொபாவை, துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னிலேர்ந்து எதிர்ல இருக்கப் போறேன். பாத்துக்கங்க" என்று குனிந்து வணங்கினாள்.

கினுயே வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தியதும் தோகுஜியிடம் பாய்ந்தாள். "பாத்தீங்களா திமிர? மீன்காரன் வீட்டுக்கு யாராச்சும் மீன் கொண்டாந்து குடுப்பாங்களா?"

"வழக்கத்தைத்தானே செஞ்சாங்க, பாவம்."

"பாவமா? நீங்களே தின்னுங்க அந்தப் பாவத்த!"

தோகுஜி தின்றான். கினுயே அந்தப் பக்கமே திரும்பவில்லை. இரண்டு மாதத்தில் மிசாவா வீட்டு வாசலில் கருநீலக் கடைத்திரை தொங்கியது, அதுவும் சொபாக் கடை! கினுயேவின் காதில் புகை வராத குறைதான்.

உள்ளே சுவரில் பெரிய தாள் ஒன்றில் தூரிகையால் எழுதி ஒட்டியிருக்கிறாள் என்று தோஃபு கடை மசுனோ வந்து சொன்னாள். நானூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கிசோவில் ஒரு கோயிலைப் பழுதுபார்த்தபோது வேலைக்காரர்களுக்கு வெட்டிய சொபா கொடுத்ததாகக் குறிப்பு இருக்கிறதாம். தோக்கியோவுக்கு 'எதோ' என்று பேர் இருந்த காலத்தில், அங்கே தீட்டிய வெள்ளை அரிசியையே தின்ற பணக்காரர்களுக்குக் கால் வீங்கி, மரத்து, சீக்கு வந்ததாம். சொபா தின்றவர்கள் அதிலிருந்து தப்பினார்களாம்.

"எங்க ஊர்க் கதைய எங்களுக்கே எழுதி ஒட்றாளா!" என்று கினுயே வெட்டுக்கத்தியைப் பலகையில் வைத்தாள். "எங்களுக்கு ஏன் காலு வீங்கலன்னா, திங்கறதுக்கு அரிசியே இல்லடி. இதுல என்ன பெரும?"

"சாறு மட்டும் தண்ணியா இருக்கு, கினுயே. நாக்குல ஒட்டவே மாட்டேங்குது" என்றாள் மசுனோ, சமாதானத்துக்கு.

"நீ வேற போய்த் தின்னுட்டு வந்தியா?"

மசுனோ பேச்சை மாற்றிவிட்டாள். அந்த வருஷம் அவள் முறை. சுகாதாரத் தொண்டு என்று வீடு வீடாகப் போய், சோயா விழுது கரைத்த மிசோ சூப்பில் கருவியை விட்டு உப்பை அளந்து, குறைக்கச் சொல்ல வேண்டும். எங்கள் மாகாணத்தில் தலையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்தவர்கள் அதிகம் என்பதால் அரசாங்கம் ஆரம்பித்த வேலை. கினுயே தன் சூப்பை அளக்கவிட்டாள். சாற்று ஜாடிப் பக்கம் மசுனோ கையை நீட்டியதும் மூடியைப் பட்டென்று சாத்தினாள்.

"இது சொபாக்கட. இங்க இருக்கறதே மருந்து. மருந்தப் போய் அளப்பாங்களா?"

சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினாள். அந்த இலையுதிர் காலத்தில் தோகுஜி சோர்ந்து சோர்ந்து உட்கார்ந்தான். பின்தலை வலிக்கிறது என்றான். கினுயே பதறிப்போனாள். என்ன செய்வாள்? தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். காலையும் மாலையும் அவன் கிண்ணம் நிறையச் சாறு ஊற்றி, அதில் கெட்டியான வடிதண்ணீரைக் கலந்து, அவன் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள். "மிச்சம் வெக்காதீங்க. அடியிலதான் சத்து" என்பாள். அவனும் அவள் முகத்தைப் பார்ப்பான், கிண்ணத்தைப் பார்ப்பான், குடித்துவிடுவான்.

புதன்கிழமை கடை லீவு. குளிர் தொடங்கியதிலிருந்து புதன்கிழமை மத்தியானம் தோகுஜி ஸ்டேஷன் மாஸ்டரோடு ஷோகி ஆடப் போனான். ஆடட்டும் என்று விட்டுவிட்டாள். அவனுக்கு ஷோகியில் ஒரு காயைக்கூட ஒழுங்காக நகர்த்தத் தெரியாது என்பது அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு புதன்கிழமை பனி கொட்டிக்கொண்டிருந்தது. தோஃபு வாங்கிக்கொண்டு திரும்பியவள், எதிர்க்கடைத் திரையைக் கடக்கும்போது நின்றுவிட்டாள். உள்ளே யாரோ சொபா உறிஞ்சுகிறார்கள். சொபாக் கடையில் அந்தச் சத்தம் கேட்காமல் வேறென்ன கேட்கும்? ஆனால் இந்தச் சத்தம் நீளமாக ஒரு இழுப்பு, நடுவில் ஒரு நிறுத்தம், சட்டென்று ஒரு குட்டி இழுப்பு, கடைசியில் மூக்கால் ஒரு 'ம்'. இருபத்தேழு வருஷமாக முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம். ஆயிரம் பேர் உறிஞ்சினாலும் அவளுக்குத் தெரியும். அதிலும் அந்த 'ம்' இருக்கிறதே, சொபா நன்றாக அமைந்த நாளில் மட்டும்தான் அவனிடமிருந்து வரும். அது தனக்கே சொந்தம் என்று நினைத்திருந்தாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேறொருத்தியின் படுக்கையில் பிடித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்குமா என்பது சந்தேகம். தோஃபு வாளியோடு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வன இலாகா ஆட்கள் இரண்டு பேர் மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி ஜன்னல் பக்கம் தோகுஜி, வாயில் பாதிச் சொபா தொங்க, அப்படியே உறைந்துபோனான்.

"ஸ்டேஷன் மாஸ்டர் சௌக்கியமா?" என்று கேட்டாள் கினுயே.

அவன் கையை ஆட்டினான்.

"முழுங்கிட்டுப் பேசுங்க. பொரையேறிச் செத்துத் தொலைக்காதீங்க, எனக்குக் கேக்க வேண்டியது நெறைய இருக்கு."

யாச்சியோ அடுப்பறையிலிருந்து ஓடி வந்தாள். "அகாஹானே அக்கா, உக்காருங்க, குளிர்ல..."

"நான் உனக்கு அக்கா இல்ல. என் புருஷனத்தான் புடிச்சு உக்கார வெச்சிட்டியே, நான் வேற உக்காரணுமா?"

அப்போதுதான் தோகுஜியின் முன்னாலிருந்த கிண்ணம் கண்ணில் பட்டது. தட்டில் சொபா காலி. கிண்ணத்தில் சாறு அப்படியே நிற்கிறது. சொபா நுனியை மட்டும் அதில் தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறான். ஒரு நொடி அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. இவள் சாறு இவனுக்குப் பிடிக்கவில்லை! அடுத்த நொடியே எரிச்சல் இரண்டு மடங்காக ஏறியது. சாறே இல்லாமல் வெறும் சொபாவைத் தின்ன வருகிறான் என்றால், இவள் பிசைகிற சொபா அவ்வளவு உசத்தியா?

"சொல்லுங்க. நான் வெட்டறது கயிறு மாதிரி இருக்கா? இல்ல, என் மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சா?"

"மெதுவாப் பேசு கினுயே."

"எனக்கு மெதுவாப் பேச வராதுன்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டீங்க!"

தோகுஜி வாயைத் துடைத்துக்கொண்டான். "ரத்த அழுத்தம் எரநூறுன்னு சொன்னாங்க, ஆஸ்பத்திரில. உப்பத் தொடாத, சோயாச் சாறு குடிச்சியோ போய்ச் சேந்துருவன்னாரு டாக்டர்."

"எப்போ?"

"மேப்பிள் செவக்கறப்ப."

கினுயே வாளியைக் கீழே வைத்தாள். மேப்பிள் சிவந்து, உதிர்ந்து, பனியும் விழுந்தாயிற்று. அத்தனை நாளும் காலையும் மாலையும் இடுப்பில் கைவைத்து நின்று ஊற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

"நான் ஊத்த ஊத்தக் குடிச்சீங்களே! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன? இந்த ஊர்ல வாய்க்குப் பேர் போன ஆளு நீங்க!"

"எப்படிடி சொல்லுவேன்?" தோகுஜி தரையைப் பார்த்தான். "எங்கப்பா வாயில கடைசியா எறங்குனது உன் சாறுன்னு போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் பெருமையாச் சொல்ற. சாறுதான் ஆகாதுன்னு நான் சொன்னா, அதுக்கப்பறம் அதுக்கு என்ன அர்த்தம்?"

வன இலாகா ஆட்கள் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார்கள். கினுயேவுக்கு மாமனாரின் இரண்டு கிண்ணமும் கண் முன்னால் வந்து நின்றன. பன்னிரண்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறாள். கேட்டவர்களில் எத்தனை பேர் மனசுக்குள் வேறு மாதிரி நினைத்திருப்பார்களோ என்று அவள் குறுகிப்போனாள்.

ஆனாலும் கினுயே கினுயேதான். அந்த நிலையிலும் அவளுக்கு முதலில் சுட்டது வேறு. "என்கிட்டச் சொல்ல முடியல. இவகிட்ட மட்டும் சொன்னீங்களா?"

"நான் சொல்லல. அவங்களாத்தான் கேட்டாங்க."

யாச்சியோ கையைத் துடைத்துக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்க கடைத் திரைய மாட்ட ஸ்டூல்ல ஏறி எறங்கறப்ப, தெனமும் ஒரு நிமிஷம் தூணைப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. இடது கண்ணோரம் ரத்தமாச் செவந்திருக்கும். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் நின்னாரு, நான் கவனிக்காம விட்டுட்டேன். அதான் மனசு கேக்காம, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு ஒருநாள் தெருவுல வெச்சு சொன்னேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க எதுவும் இல்லை, அதுதான் கினுயேவுக்குத் தாங்கவில்லை. அவள் பலகை சுவரைப் பார்த்திருக்கும். அண்டா அவள் முதுகுக்குப் பின்னால். மாவில் தண்ணீர் ஒரு துளி கூடினாலும் கண்டுபிடிக்கிற கண், புருஷன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருத்தி பார்த்திருக்கிறாள். சொபாவுக்கும் சாற்றுக்கும் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எட்டிப் போய்த் தோகுஜியின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். இடது கண்ணோரம் சிவப்பாகத்தான் இருந்தது.

"வீட்டுக்கு வாங்க" என்றாள். அவன் எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள். பனியில் தெருவைத் தாண்டும்வரை விடவில்லை. தோஃபு வாளி யாச்சியோ கடையிலேயே கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் வாளியை எடுக்கிற சாக்கில் கினுயே எதிர்க்கடைக்குப் போனாள். இரவெல்லாம் அழுதிருக்கிறாள், கண் வீங்கியிருந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உன் சாறு எப்படி வெக்கற, சொல்லு. எனக்கு என் புருஷன் வேணும், அதுக்காகத்தான் கேக்கறேன். உன்ன எனக்குப் புடிச்சுப்போச்சுன்னு நெனச்சுடாத."

"நெனக்க மாட்டேன்" என்றாள் யாச்சியோ. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். சோயா பாதிதான். அதை ஈடுகட்ட மாசியை இரண்டு பங்கு போட்டு, உலர்ந்த காளானையும் ராத்திரியே ஊறவைக்க வேண்டும். கினுயே வாயில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர்தான். ஆனால் தொண்டைக்குள் இறங்கிய பிறகு மாசி வாசனை மெதுவாக மேலே வந்தது. நன்றாக இருந்தது என்பது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"வடிதண்ணிய?"

"சாத்துல கலக்காம வெறும் தண்ணியா ஊத்திக் குடுங்க. அப்ப அது மருந்துதான்."

வாசல்வரை வந்த யாச்சியோ கேட்டாள். "உங்க வீட்டுல உப்புப் போடாமப் புளிக்க வெச்ச கீரை இருக்காமே. எனக்கு அது சரியா வர மாட்டேங்குது. ஒரு கைப்பிடி தருவீங்களா? அதப் போட்டாத்தான் அடுத்தது புளிக்குமாம்."

"தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கினுயே தெருவைத் தாண்டினாள்.

கடலோரத்து உப்பு மேலே ஏறி வராத பழைய காலத்து மலைக்காரர்கள் கண்டுபிடித்த கீரை அது. சிவப்புக் கிழங்கின் தழையை உப்பே இல்லாமல் புளிக்கவைப்பது. கினுயே அதைப் பொடியாக நறுக்கினாள். புதுச் சாற்றைக் காய்ச்சினாள். பழைய ஜாடியை அடுப்பறையிலிருந்து தூக்கிப் பின்கட்டில் வைத்தாள். "மாமா, மன்னிச்சிருங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். அவரிடம் வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

மத்தியானக் கூட்டம் கலைந்ததும் தோகுஜியை வாடிக்கைக்காரர் பக்கத்து நாற்காலியில், வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்காரவைத்தாள். சொபாவையும் சாற்றையும் மேலே கீரையையும் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். பலகையில் மாவு காய்ந்துகொண்டிருந்தது. காயட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவன் நுனியைத் தொட்டு உறிஞ்சினான். அவளைப் பார்த்தான். "நல்லாருக்கு" என்றான் அவசரமாக.

"பொய் சொல்லாதீங்க."

"நெசமாத்தான். கீரை அருமையா இருக்கு."

"கீரையக் கேக்கல. சாறு. என்னோடதா, அவளோடதா? என்னப் பாத்துச் சொல்லுங்க. கரண்டிய எடுத்து வீச மாட்டேன், சொல்லுங்க."

தோகுஜி சாப்பிடுகிற குச்சிகளைக் கீழே வைத்தான். அவள் கையில் கரண்டி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அவங்களோடது" என்றான். "கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"கொஞ்சத்துக்கும் கூடவே."

கினுயேவுக்கு எழுந்துபோய் எதிர்க்கடையின் திரையை இழுத்துக் கிழிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவன் கண்ணைத் தாழ்த்தாமல் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் அவளுக்குப் பயப்படாமல் சொன்ன முதல் வார்த்தை அது.

"நாளைக்கும் கேப்பேன்" என்றாள், அவன் கண்ணோரத்தைப் பார்த்தபடியே. "நாளைக்கும் இதே மாதிரி சொல்லணும்."